பாவாயிக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவ

அந்தப் பைய இப்பிடிக் குடுங்கக்கா, மடியில வெச்சுக்கறேன். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. எனக்கொண்ணும் கனமில்லீங்க. திருச்செங்கோடு தாண்டுனாத்தான் கூட்டம் கொறையும். நான் சங்ககிரி போகோணும்.

பட்டுச்சேலையா? கல்யாணமெல்லாம் இல்லீங்க. நாமக்கல்ல நான் படிச்ச காலேஜுல ஒரு மேடத்துக்கு ரிட்டயர்மென்ட் பங்சன். அம்சவேணி மேடம்னு, கணக்கு டிபார்ட்மென்ட். பழைய பிள்ளைங்கெல்லாம் வரோணும்னு வாட்ஸப்புல போட்டிருந்தாங்க. எங்க மாமியாருக்கு அது புரியல, படிச்சு முடிச்ச காலேஜுக்கு மறுபடி எதுக்குப் போறங்கறாங்க. இருட்டறதுக்குள்ள வந்தர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். கண்ணா? கண்ணு செவக்கலீங்க, ஜன்னக் காத்து.

கேட்டதால சொல்றேனுங்க. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா பொறாமைம்பாங்க. பொறாமைப்பட அவகிட்ட என்ன இருக்குது? நான் நாயத்தப் பேசறேன், அவ்வளவுதான். நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

பிஎஸ்சி மேக்ஸுங்க நான். எங்கப்பா லாரிக்குப் பாடி கட்டற பட்டறை வெச்சிருந்தாரு. என்னை மெட்ரிக் ஸ்கூல்ல படிக்க வெச்சாரு. காலேஜு சேந்த மொத நாள்ல இருந்து கிளாஸுல நான்தான் பர்ஸ்ட்டு. மொத பெஞ்சு, ஓரத்துல. ஒரே ஒரு நாளத் தவிர நான் லீவே போட்டதில்ல. மூணு வருசத்துல ஒரு சந்தேகம் கேட்டதில்ல. ஒரு மேடத்துக்கும் என்னால ஒரு தொந்தரவும் இருந்ததில்லீங்க. போர்டுல போட்டத அப்படியே மனசுல ஏத்திக்குவேன். பரிச்சையில கமா, புள்ளி மாறாம அப்படியே எறக்கி வெச்சிருவேன்.

அந்தக் கிளாஸுல ஒருத்தி இருந்தா, பாவாயின்னு. குலசாமி பேரு. வெண்ணந்தூர்ப் பக்கம், அப்பனும் ஆத்தாளும் தறி ஓட்டறவங்க. பவர்லூமுங்க, கூலிக்கு. இவ தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்தவ. எங்க காலேஜுல கணக்கு பூரா இங்கிலீசு. மேடம் ஏதாச்சும் கேட்டா எந்திரிச்சு நிப்பா, வாயத் தெறக்க மாட்டா. உக்காருன்னு சொல்ற வரைக்கும் அப்படியே நிப்பா. மொத செமஸ்டர்ல தமிழத் தவிர எல்லாத்துலயும் பெயிலு. பொங்கல் லீவு முடிஞ்சு எல்லாரும் வந்தோம், அவ வரல. யாரும் கண்டுக்கலீங்க. அந்த மாதிரி நின்னுபோற பிள்ளைங்க வருசா வருசம் இருக்கறதுதான். வரலீன்னா வரல, அதுக்கு நாம என்ன பண்றது?

அம்சவேணி மேடம் கண்டுக்கிட்டாங்க. பாவாயி ஏன் வரல, யாருக்காச்சும் தெரியுமான்னு கிளாஸுல கேட்டாங்க. யாருக்கும் தெரியல. நான்தான் கிளாஸ் ரெப்பு. சனிக்கெழம என்கூட வர்றியா பிருந்தா, அவ வீடு வரைக்கும் போயிட்டு வரலாம்னாங்க.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்றதுங்க. அம்சவேணி மேடம்னா அந்தக் காலேஜுல தனி மருவாதி. காட்டன் சேலையத்தான் கட்டுவாங்க, கொரலே ஒசத்த மாட்டாங்க, ஆனா அவங்க உள்ள வந்தா கிளாஸ் அடங்கிரும். அந்த மேடம் என்னைய மட்டும் கூட்டிட்டுப் போறாங்க. தீவாளிக்கு எடுத்த சுடிதாரப் போட்டுக்கிட்டுப் போனேன். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தேன், இப்ப நீங்களும் நானும் உக்காந்திருக்கற மாதிரித்தான். வழி நெடுக எத்தனையோ பேசலாம்னு இருந்தேன். மேல என்ன படிக்கலாம், எந்தக் காலேஜு நல்லாருக்கும், இதெல்லாம்.

மேடம் வழி நெடுக பாவாயியப் பத்தியே கேட்டாங்க. மத்தியானம் யார்கூட சாப்புடுவா? சோறு கொண்டாருவாளா? யார்கிட்டயாச்சும் பேசுவாளா? எனக்கு ஒண்ணும் தெரியல. தெரியலீங்க மேடம், தெரியலீங்க மேடம்னே சொல்லிக்கிட்டு வந்தேன். அப்பறம் மேடம் ஜன்னப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அவ வீட்டுக்குப் போனா, வீடுன்னு தனியா இல்லீங்க, தறி ஓடற எடத்துலயே ஒரு பக்கம் தடுத்து வெச்சிருந்தாங்க. ஆத்தாளுக்கு வயித்துல ஆபரேசன், படுத்திருந்தாங்க. ஆத்தா தறியில இவ நின்னுக்கிட்டிருக்கறா. தலையெல்லாம் பஞ்சு. எங்களப் பாத்ததும் அப்படியே நின்னுட்டா, கிளாஸுல நிப்பாளே, அதே மாதிரி. அவ அப்பன் தறிய நிறுத்தவே இல்ல. அந்தச் சத்தத்துல என்ன பேசறது? மேடம் அப்படியே நின்னாங்க. காலு வலிக்குது எனக்கு. போயிரலாம் மேடம்னு காதுகிட்டச் சொன்னேன். அது அவங்களுக்குக் கேக்கலயோ என்னமோ. நின்னுக்கிட்டே இருந்தாங்க. கடைசியில அந்தாளே சங்கடப்பட்டு சுவிச்ச நிறுத்துனாரு.

அவரு சொன்னதும் நாயந்தானுங்க. பிள்ளை எல்லாத்துலயும் பெயிலு, படிப்பு ஏறல, ஏறாத படிப்புக்கு எதுக்குப் பஸ் ஏறோணும், இங்க ஆத்தா எந்திரிக்கற வரைக்கும் ஒரு ஆள் வேணும்னாரு. நானா இருந்தா சரீங்கன்னு சொல்லிட்டு வந்திருப்பேன். மேடம் சொன்னாங்க:

"உங்க பொண்ணு கணக்குல பெயிலாகலீங்க. இங்கிலீசுல பெயிலாயிருக்கறா. அது என் வேல, அத நான் பாத்துக்கறேன். அவங்கம்மா எந்திரிக்கற வரைக்கும் மத்தியானத்துக்கு மேல தறிக்கு அனுப்பறேன். காலையில எனக்குக் குடுங்க."

எனக்குக் குடுங்கன்னாங்க. கேட்டீங்களா? பொண்ணுக் கேக்கற மாதிரி.

அந்தாளு எங்க ரெண்டு பேரையும் ஒரு பார்வ பாத்தாரு, சரின்னுட்டாரு. திரும்பி வர்றப்ப மேடம் பஸ்ஸுல கண்ண மூடிக்கிட்டு வந்தாங்க. அலுப்பா இருந்திருக்கும். நான்தான் அவங்க பைய வெச்சிருந்தேன். அத இன்னிக்கு மேடையில யாருமே சொல்லலீங்க. ரெண்டு பேரு போனோம். கதையில ஒருத்தருதான் போயிருக்காங்க.

அதுல இருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுது. மேடம் பிரின்சிபாலப் பாத்துப் பேசி அவளுக்கு அட்டென்டன்ஸுல சலுகை வாங்குனாங்க. கிளாஸ் தொடங்கறதுக்கு முந்தியே வரச் சொல்லி, டிபார்ட்மென்ட் ரூமுல உக்கார வெச்சு, மொதல்ல தமிழ்ல சொல்லிக் குடுத்து, அப்பறம் அதையே இங்கிலீசுல மாத்திச் சொல்லச் சொல்லுவாங்க. யாருக்கு வேணும்னாலும் வரலாம்னுதான் சொன்னாங்க, இன்னும் ஒண்ணு ரெண்டு பேரு போனாங்க. எனக்குத் தேவப்படல. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஆனா அந்த ரூமத் தாண்டித்தான் கிளாஸுக்குப் போகோணும். தாண்டறப்பல்லாம் பாப்பேன். மேடம் அவங்க டிபன் டப்பாவத் தெறந்து நடுவுல வெச்சிருப்பாங்க. எலுமிச்சஞ்சோறு. பாவாயி சாப்புட்டுக்கிட்டே எழுதுவா. ஒரு நாள் மழ வந்துச்சு, பஸ் ஸ்டாப் வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே கொடையில போறாங்க. நான் பின்னாடி நனஞ்சுக்கிட்டு வர்றேன். என்கிட்டக் கொட இருந்துச்சுங்க, பையில. எடுக்கல.

அப்பறம் மேடம் என்னையும் அதுல சேத்தாங்க. பிருந்தா, நீ நல்லா படிக்கற, சாயந்தரத்துல கொஞ்ச நேரம் அவளுக்குச் சொல்லிக் குடு கண்ணுன்னாங்க. அவ ஆத்தா எந்திரிச்சுட்டாங்க அதுக்குள்ள, அதனால அவளால இருக்க முடிஞ்சுது. கண்ணுன்னு என்னைய அன்னிக்குத்தான் மொதமொதல்ல கூப்புட்டாங்க. அதுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன், இல்லீன்னா எனக்கென்ன.

சொல்லிக் குடுக்கறது எவ்வளவு செரமம்னு அன்னிக்குத் தெரிஞ்சுது. நான் கணக்கப் போட்டுக் காட்டுவேன். சுத்தமா, வரிசையா. பாத்து எழுதிக்க, நாலு தடவ எழுதுனா வந்துரும்பேன். அவ எழுத மாட்டா. இந்த வரி ஏன் வந்துச்சும்பா. வந்துச்சுன்னா வந்துச்சு, புக்குல அப்படித்தான் இருக்குதும்பேன். இல்ல பிருந்தா, ஏன்? ஏன்? ஏன்னு கேட்டா நான் எங்க போறது? அதெல்லாம் பரிச்சைக்கு வராதுன்னு சொல்லுவேன். அடுத்த நாள் அதையே கொண்டு போய் மேடத்துகிட்டக் கேப்பா. மேடம் சந்தோசப்படுவாங்க பாருங்க. சாக்பீஸ வெச்சுட்டு, அட, இத யாரும் என்கிட்டக் கேட்டதே இல்லையேம்பாங்க. மூணு வருசம் ஒரு சந்தேகம் வராம படிச்சவ நானு. எனக்கு ஒரு அட கெடச்சதில்ல.

ரெண்டாவது செமஸ்டர் ரிசல்ட் வந்துச்சு. அவ எல்லாப் பேப்பரும் பாஸு, பழைய பாக்கியிலயும் பாதி முடிஞ்சுது. பாஸுன்னா என்ன, தொட்டுக்கோ தொடச்சுக்கோன்னு. மேடம் கேன்டீன்ல இருந்து கிளாஸுக்கே பப்ஸ் வாங்கிட்டு வந்தாங்க. எல்லாரும் கை தட்டறாங்க. அவ அழுவறா. அன்னிக்கு காலேஜுலயே பர்ஸ்ட்டு யாருங்கறீங்க? நான்தான். பப்ஸக் கையில குடுத்துட்டு மேடம் என் தோளத் தட்டுனாங்க. "உனக்கென்ன பிருந்தா" அப்படின்னாங்க. அவ்வளவுதான். உனக்கென்ன. நான் அந்தப் பப்ஸச் சாப்புடலீங்க. எனக்கு முட்டை ஆகாது.

அப்பறம் ரெண்டாம் வருசத்துல ஒரு இன்டர்னல் டெஸ்ட்டு. எனக்கு அன்னிக்குத் தலவலி. நெசமாவே தலவலிங்கக்கா. பேரு எழுதுனேன், நம்பர் எழுதுனேன், மத்த எதுவும் எழுதல. வெறும் பேப்பரக் குடுத்துட்டு வந்துட்டேன். வந்து வீட்டுல படுத்துக்கிட்டேன். அடுத்த நாளும் போகல. சும்மா படுத்துக்கிட்டு வாசல்ல பைக் சத்தம், ஆட்டோ சத்தம் கேட்டா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தேன். எங்கம்மா, யாரப் பாக்கற, யாராச்சும் வர்றாங்களான்னு கேட்டுச்சு. இல்லேன்னேன். தல வலிச்சா வெளிச்சத்தப் பாக்கத் தோணுமில்லீங்க.

அதுக்கும் மறுநாள் போனேன். மேடம் கூப்புட்டு, உடம்பு சரியில்லையா, மொகமே சரியில்லன்னாங்க. ஆமாங்க மேடம்னேன். பரவால்ல, உனக்கு ரீடெஸ்ட்டு வெச்சுக்கலாம், நீயெல்லாம் எடுத்துருவன்னாங்க. சொல்லிட்டுப் போயிட்டாங்க. பாவாயி மட்டும் பின்னாடியே வந்து, மாத்திர சாப்டியா பிருந்தா, எதாச்சும் பிரச்சனையான்னு கேட்டா. அவகிட்ட நான் எதுக்குச் சொல்றேன்.

மூணாவது வருசம் கடைசியில எங்க வீட்டுல மாப்பிள்ள பாத்துட்டாங்க. சங்ககிரி, லாரி வெச்சிருக்கறவங்க, நல்ல எடம். எனக்கு எம்எஸ்சி படிக்கோணும்னு. அப்பறம் அம்சவேணி மேடம் மாதிரியே காலேஜுல வேல. எங்கப்பா கெட்டவரில்லீங்க. யாராச்சும் ஒருத்தர் வந்து எடுத்துச் சொல்லியிருந்தாக் கேட்டிருப்பாரு. அதுவும் மேடம் மாதிரி ஒருத்தர். தறிய நிறுத்த வெச்சவங்களுக்கு எங்க பட்டறையில வெல்டிங் மிசின நிறுத்த வெக்கறதா பெரிசு? எங்க வீட்டுல வந்தா நாற்காலி இருக்குது, பேன் இருக்குது, நின்னுக்கிட்டு இருக்க வேண்டியதே இல்ல.

நான் கேக்கலயான்னா, நான் எதுக்குங்க கேக்கோணும்? பாவாயி கேட்டாளா? அவ சும்மா வராம இருந்தா, மேடம் தேடிக்கிட்டுப் போனாங்க. மூணு வருசம் மொத பெஞ்சுல எதுத்தாப்புல உக்காந்திருந்தவ மனசு தெரியாதா? நான் பத்திரிகையக் கொண்டு போய்க் குடுத்தேன். குடுத்துட்டு நின்னேன். மேடம் படிச்சுப் பாத்தாங்க. மடிச்சு டேபிள் மேல வெச்சாங்க. அப்பறம், உனக்கு இஷ்டந்தானேன்னு கேட்டாங்க. இஷ்டந்தானுங்க மேடம்னேன். வேற என்ன சொல்றது? ஒருத்தர் அப்படிக் கேட்டா அப்படித்தானுங்க சொல்லுவாங்க. அதையும் அப்படியே நம்பிட்டாங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. பாவாயி அப்பன் முடியாதுன்னு சொன்னப்ப நம்பாம நின்னாங்களே, என்னைய மட்டும் ஒரே வார்த்தையில நம்பிட்டாங்க.

அன்னிக்கு சாயந்தரம் பாவாயி என்னைய காலேஜு கேட்டுல புடிச்சுக்கிட்டா. மூணு வருசத்துல நல்லாப் பேசக் கத்துக்கிட்டா. எடுத்த எடுப்புல கேட்டா:

"நீ மேல படிக்கோணும்னுதான இருந்த? உங்கப்பாகிட்ட வந்து பேசச் சொல்லி நான் மேடத்துகிட்டச் சொல்லட்டுமா?"

கேட்டீங்களாக்கா? எனக்காக இவ போய் மேடத்துகிட்டச் சொல்றாளாம். என் மேடம். அந்த மேடத்த இவ வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனவ நானு. ஒரு பாஸ் மார்க்குக்கு நாய் படாத பாடு பட்டவ, காலேஜ் பர்ஸ்ட்டுக்கு சிபாரிசு. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. உன் சோலியப் பாத்துக்கிட்டுப் போடின்னேன். நான் ஒண்ணும் பெயிலாகல, என்னைய யாரும் வந்து காப்பாத்த வேண்டியதில்லன்னேன். அவ அங்கயே நின்னா. அவதான் நிக்கறதுல கெட்டிக்காரியாச்சே. நான் பஸ் ஏறிட்டேன்.

கல்யாணத்துக்கு மேடம் வந்தாங்க. பாவாயியையும் கூட்டிட்டு வந்தாங்க. மேடையில என் கையப் புடிச்சு, படிப்ப விட்டுறாத பிருந்தான்னாங்க. பக்கத்துல நின்ன எங்கப்பா, மாப்பிள்ள வீட்டுல படிக்க வெக்கறேன்னு சொல்லியிருக்காங்கன்னு சொன்னாரு. போட்டோக்காரர் இந்தப் பக்கம் பாருங்கங்கறாரு. நான் அந்தப் பக்கம் பாத்தேன். போட்டோவுல நல்லாத்தான் சிரிச்சிருக்கேன்.

படிக்க வெச்சாங்களான்னா... யாரும் வேண்டாம்னு சொல்லலீங்க. கேட்டாத்தான வேண்டாம்பாங்க. மொத வருசம் வீடு கட்டுனாங்க, அப்பறம் பையன் பொறந்தான், அப்பறம் மாமனாருக்கு முடியாம போச்சு. எங்க வீட்டுக்காரர் தங்கமான மனுசன். லாரி லோடு விசயமெல்லாம் என்னையக் கேக்காமச் செய்ய மாட்டாரு. எனக்கொண்ணும் கொறையில்லீங்க.

சரி, இன்னிக்குக் கதைக்கு வாரேன். போனா மண்டபம் நெறஞ்சு கெடக்குது. மேடத்துக்கு முடியெல்லாம் நரச்சுப்போச்சு, கைத்தடி வெச்சுக்கிட்டிருந்தாங்க. ஒவ்வொருத்தியா மேடையேறிப் பேசறாங்க. நான் நின்னுபோனேன், மேடம் வந்தாங்க. நான் பெயிலானேன், மேடம் வந்தாங்க. எனக்குக் கல்யாணம் பண்ணப் பாத்தாங்க, மேடம் வந்தாங்க. எத்தன பேரு வீட்டுக்குப் போயிருக்காங்க பாருங்க. நான் கீழ உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். பெயிலாகாத ஒருத்தியையும் மேடையேத்தலீங்க.

பாவாயியும் பேசுனா. இப்ப கவர்மென்ட் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். பிஎட்டு முடிச்சு, பரிச்ச எழுதிப் பாஸாயி போயிட்டா. மத்த டீச்சருங்களுக்கே அவதான் டிரெயினிங் எடுக்கறாளாம், பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க. யாராச்சும் எழுதிக் குடுப்பாங்களா இருக்கும். ஸ்கூலுக்கு வராத பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் இவளே போறாளாம். யாரப் பாத்து வந்த பழக்கம்னு மேடத்தப் பாத்துக் கும்புட்டா. அப்பறம், சாயந்தரமெல்லாம் உக்காந்து எனக்குச் சொல்லிக் குடுத்த பிருந்தாவும் இங்கதான் இருக்கறா, அவ இல்லீன்னா நான் இல்லேன்னு சொன்னா. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒரே ஒரு வரி. அவ்வளவு நேரம் பேசுனவளுக்கு எனக்குன்னு ஒரே ஒரு வரிதான் கெடச்சுது.

முடிஞ்சதும் மேடத்துகிட்டப் போனேன். சுத்தி ஆளுங்க. என்னையப் பாத்ததும் மொகமெல்லாம் மலந்துச்சுங்க. கையப் புடிச்சுக்கிட்டு பக்கத்துல இருந்த பிரின்சிபால்கிட்டச் சொன்னாங்க, என் சர்வீஸ்லயே நான் கவலையே படாத ஒரே பிள்ள இவதான்னு. சொல்லிட்டு என்கிட்டத் திரும்பி, "இப்ப எந்தக் காலேஜுல இருக்க கண்ணு?" அப்படின்னாங்க.

அவங்க அப்படியேதான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்காங்க, இத்தன வருசமும். நான் படிச்சு, அவங்க மாதிரியே நின்னுக்கிட்டுப் பாடம் நடத்திக்கிட்டு இருக்கறேன்னு. அந்தக் கண்ணப் பாத்துக்கிட்டு என்னால இல்லீங்கன்னு சொல்ல முடியலீங்கக்கா. கோயமுத்தூருங்க மேடம்னு சொல்லிட்டேன். வாயில வந்துருச்சு. எந்தக் காலேஜுன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு பேரும் வாயில வரல.

பின்னால பாவாயி நின்னுக்கிட்டிருந்தா. அவளுக்கு எல்லாம் தெரியும், எங்க ஊருக்காரி ஒருத்தி அவ ஸ்கூல்ல வேல பாக்கறா. அவ நெனச்சிருந்தா அந்த எடத்துல சிரிச்சிருக்கலாம். எல்லாரு முன்னாலயும் போட்டு ஒடச்சிருக்கலாம். அவ முன்னால வந்து, நல்ல காலேஜுங்க மேடம், நான் அப்பறம் சொல்றேன், வாங்க, சாப்பாட்டுக்குக் கூப்புடறாங்கன்னு மேடத்தக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. மேடமும் அவ தோளப் புடிச்சுக்கிட்டே போறாங்க. இந்தத் தடவ கொட மட்டுந்தான் இல்ல.

நெஞ்சழுத்தத்தப் பாத்தீங்களா? என்னையக் காப்பாத்துறாளாம். அவகிட்ட நான் கேட்டனா? நான் சாப்புடாமக் கெளம்பிட்டேன்.

காலேஜு கேட்டத் தாண்டறதுக்குள்ள பாவாயி ஓடியாந்துட்டா. மூச்சு வாங்குது. அந்தக் கோயமுத்தூரப் பத்தி ஒரு வார்த்த பேசலீங்க. பையன் என்ன படிக்கறான்னு கேட்டா. சொன்னேன். அப்பறம் கொஞ்ச தூரம் சும்மா கூட நடந்தா. பஸ் ஸ்டாப்புல வந்து நின்னுக்கிட்டு, கீழ பாத்துக்கிட்டே சொல்றா:

"நான் எம்எஸ்சி தபால்ல சேரலாம்னு இருக்கேன் பிருந்தா. பிரமோசனுக்கு வேணும். ஆனா தனியா முடியாது. அந்த அனாலிசிஸ் பேப்பரெல்லாம் நெனச்சாலே பயமா இருக்குது. நீயும் சேந்தீன்னா ஞாயித்துக்கெழம உன் வீட்டுக்கு வந்து, முன்ன மாதிரி உன்கூட உக்காந்துக்குவேன்."

மேடந்தான் இப்ப சும்மா இருக்கப் போறாங்களே, அவங்ககிட்டப் போய்க் கேட்டுக்க வேண்டியதுதானன்னேன். மொகத்தப் பாத்துக்கிட்டேதான் கேட்டேன். மேடம் வேண்டாம் பிருந்தா, எனக்கு நீதான் வேணுங்கறா.

மேடத்தக்கூட விட்டுட்டு என்கிட்ட வர்றா பாருங்க. கடைசி செமஸ்டர்ல அந்த அனாலிசிஸ் பேப்பர்ல அவ என்னையவிட மார்க் கூடத்தான் வாங்குனா, இல்லேன்னு சொல்லல. அது திருத்துனவங்க செஞ்ச தப்புங்க, அப்பவே எனக்குத் தெரியும். இன்னிக்கு அவ வாயாலயே வந்துருச்சில்ல, பயமா இருக்குதுன்னு. டீச்சராவே இருந்தாலும், ஊருக்கே டிரெயினிங் குடுத்தாலும், உள்ள அடிப்படை பத்தாதுங்கக்கா அவளுக்கு. இருக்கற கொஞ்சமும் நான் அன்னிக்கு உக்கார வெச்சுப் போட்டது.

யோசிக்கறேன்னுதான் சொல்லியிருக்கேன். ஒடனே சரின்னு சொல்லீட்டா, இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்த மாதிரி ஆயிருமில்ல. இந்த மாசக் கடைசிக்குள்ள சேரோணுமாம். பழைய சர்டிபிகேட்டெல்லாம் பீரோவுல எந்தத் தட்டுல இருக்குதுன்னு எனக்குத் தெரியும். மாமியார்கிட்டத்தான் பேசோணும். எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எனக்காகன்னா நான் கேக்கவே மாட்டேன், இத்தன வருசம் கேக்காதவ. இது அவளுக்காக. அத்தை, ஒரு பிள்ள ரொம்பச் செரமப்படுறா, தறிக்காரங்க வீட்டுப் பிள்ள, கூட ஒரு ஆளு இல்லீன்னா நின்னுபோயிருவான்னு பக்குவமா எடுத்துச் சொன்னாக் கேப்பாங்க.

நீங்களே சொல்லுங்க. இப்ப நான் சேரலீன்னா அவ படிப்பு என்னாகறதுங்கக்கா?